பின்னறை விளக்கு

"நானூத்திப் பதினொண்ணு," என்று வாசித்துவிட்டுக் கேமராக்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். கண் மூடியிருந்தது. புருவம் மட்டும் லேசாக அசைந்தது. சரி, அடுத்ததுக்குப் போகலாம் என்று அர்த்தம்.

"நானூத்திப் பதினேழு. எண்பத்தாறு ஏடு. ஓரத்துல பூச்சி அரிச்சிருக்கு. எழுதியவர், கை பதினாலு."

மறுபடி புருவம் அசைந்தது.

காலை ஒன்பது மணி. அன்று மாலை ஐந்துக்கு நூலகத்தின் சுவடி அட்டவணையை இணையத்தில் திறக்க இருந்தார்கள். ஆயிரத்து நூற்று நாற்பது சுவடிகள். எல்லாம் அறுநூறு, எழுநூறு வருடங்களுக்கு முன்னால் பதப்படுத்திய தோலில் கையால் எழுதியவை. ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது, எத்தனை ஏடு, எங்கே கிழிசல், யார் எழுதியது என்று பதினோரு வருடம் உட்கார்ந்து பதிந்தவள் இந்தக் கட்டிலில் கிடந்தாள். முந்தின நாள் வந்த டாக்டர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, ரெண்டு நாள் தாண்டுவது கஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவள் ஐந்து மணிக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். அதற்கு முன்னால் பதினாலாம் கையின் பட்டியலை மட்டும் ஒரு தடவை காதால் கேட்டுவிட வேண்டும் என்றாள். அதனால் அவர் வாசித்துக்கொண்டிருந்தார்.

வாசிப்பில் உப்பும் இல்லை, சப்பும் இல்லை. ரயில் வரும் நேரத்தை அறிவிப்பவர்கள்கூட இன்னும் கொஞ்சம் ஈடுபாட்டோடு சொல்வார்கள். மூன்று நாளாக ஒரு விஷயத்தை நெஞ்சுக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு திரிகிறவரால் வேறு எப்படி வாசிக்க முடியும்?

அவருக்கும் அந்த நூலகத்தில்தான் வேலை. சுவடிகளைப் படமெடுப்பது. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. இயக்குநர் முதல் காவலாளிவரை எல்லாருக்கும் அவர் கேமராக்காரர். அலுவலகத்தில் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். "கேமராக்காரர்கிட்ட சொல்லி எடுத்துக்கலாம்" என்று அவர் காதுபடவே யாரிடமாவது சொல்வாள். வீட்டுக்கு வந்தால் "ஏங்க" ஆகிவிடுவார்.

அட்டவணையின் முதல் வரைவில் படம் எடுத்தவர், எடுத்த தேதி, விளக்கு என்று மூன்று கட்டங்கள் இருந்தன. இடத்தை அடைக்கிறது என்று அவள்தான் எடுத்துவிட்டாள். அவர் சும்மா விளையாட்டாகத்தான் கேட்டார், என் பேரைத் தூக்கிட்டியே என்று. "சமையல் பண்ணவங்க பேரைத் தட்டுல யாருங்க எழுதறாங்க?" என்றாள். அவரும் சிரித்தார். சிரித்ததோடு சரி. அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

சுவடி எழுதியவர்களில் பாதிப்பேர் பெயர் போட்டுக்கொள்ளவில்லை. எது யார் எழுதியது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல ஒரு ஆயுள் போதாது. அதற்குத்தான் தாடி வந்தார். தாடி என்றால் நூலகத்தின் புரோகிராமர். முகத்தில் பாதியைத் தாடிக்குக் கொடுத்துவிட்டவர். ஒரு பக்கத்தின் படத்தைக் கொடுத்தால் எழுத்தின் சாய்வு, தடிமன், கோட்டின் ஓரம் எல்லாவற்றையும் கணினியே அளந்து, ஒத்துப்போகிறவற்றை ஒரு குவியலாகப் போடும்படி அவர் செய்தார். தொண்ணூற்றிரண்டு குவியல் வந்தது. ஒரு குவியலுக்கு ஒரு கை. பதினாலாவதுதான் இருப்பதிலேயே பெரியது. நூற்று எண்பத்தாறு சுவடி.

மற்றவர்கள் அதைக் குவியலாகப் பார்த்தார்கள். அவள் ஒரு மனுஷனைப் பார்த்தாள். "நம்மாளு" என்று பெயரும் வைத்தாள். கணினி கொடுத்த அளவுகளை வரிசைப்படுத்தி, இது இளவயதில் எழுதியது, இது நடுவயதில், இது கடைசியில் என்று அவனுக்கு ஒரு வாழ்க்கையையே கட்டியெழுப்பினாள். ஆரம்பத்தில் எழுத்து நுணுக்கம். ஒரு கட்டத்தில் திடீரென்று பெரிதாகிறது. பார்வை குறைந்துவிட்டது என்றாள். கடைசிச் சுவடிகளில் கோட்டின் ஓரமெல்லாம் கலங்கிக் கிடக்கிறது. விரல் நடுங்கியிருக்கிறது என்றாள். சாப்பாட்டு மேசையில் அவர் தினமும் கேட்பார், நம்மாளு இன்னிக்கு என்ன பண்ணான் என்று. அவள் ஆரம்பித்தால் ஆறின சோறு இன்னும் ஆறும். மூன்றாவது ஆளுக்கு ஒரு தட்டு வைக்காத குறைதான்.

குழந்தை இல்லாத வீடு. அவன் ஒருத்தன் வந்ததில் வீட்டில் பேச்சுச் சத்தம் இருந்தது. அதற்காகவே அவருக்கும் நம்மாளைப் பிடித்திருந்தது.

நூலகத்தின் பழைய காப்பாளர் ஒருத்தர் மட்டும், இது ஒரே ஆள் எழுத்து இல்லை என்று கூட்டத்தில் எழுந்து சொன்னார். ஐம்பது வருடம் சுவடி பார்த்த கண். அவள் விடவில்லை, பல ஊரில் வேலை பார்த்தவன், போன இடத்து எழுத்தைப் பழகிக்கொண்டவன் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தாள். ஆறு வருடமாக அந்தப் பெரியவருக்கு அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்று நாள் முன்னால் ஆக்சிஜன் சிலிண்டர் வைக்க இடம் பண்ணுவதற்காக அலமாரியை ஒதுக்கியபோது, கேமராக்காரர் கையில் தன் பழைய நோட்டு ஒன்று அகப்பட்டது. படமெடுத்த காலத்தில் அன்றன்றைக்கு எழுதிவைத்தது. தேதி, சுவடி எண், விளக்கு, கேமரா ஸ்டாண்டின் உயரம், பக்கத்தில் பொடி எழுத்தில் ஏதாவது ஒரு வரி. சும்மா புரட்டிக்கொண்டு வந்தவர் பத்தாவது பக்கத்தில் நின்றார். சுவடி எண்கள் எங்கேயோ கேட்ட எண்களாக இருந்தன. எங்கேயோ என்ன, அவள் வாயால் ஆயிரம் தடவை கேட்ட எண்கள்.

முதல் வருடம் பெரிய அறையில் கூரை ஒழுகிற்று. கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனார். பெரிய அறையில் இரண்டு விளக்கு. வலம் ஒன்று, இடம் ஒன்று, சரிசமமான தூரத்தில், நிழலே விழாதபடி. பின்னறையில் இரண்டு வைக்க இடமில்லை. பரணில் கிடந்த பழைய மஞ்சள் விளக்கு ஒன்றை இடப்பக்கம் நிறுத்தி ஒன்றேமுக்கால் வருடம் அதிலேயே ஒப்பேற்றினார். நூற்று எண்பத்தாறு சுவடி.

கணினிக்கு நிறம் வேண்டாம் என்று தாடி எல்லாப் படங்களையும் கறுப்பு வெள்ளையாக்கித்தான் கொடுத்திருந்தார். மஞ்சள் போய்விட்டது. நிழல் போகவில்லை. தோல் ஏடு காகிதம்போலத் தட்டையாகக் கிடக்காது. அங்கங்கே எழும்பி நிற்கும். ஒற்றை விளக்கு ஒரு பக்கமிருந்து அடித்தால் ஒவ்வொரு எழுத்தும் கொஞ்சம் தடித்து, கொஞ்சம் சாய்ந்து தெரியும். அந்த ஒரே மாதிரியான சாய்வைத்தான் கணினி ஒரே ஆளின் கை என்று சொன்னது.

அவர் தாடிக்குப் போன் பண்ணினார். தாடி அன்று முழுக்க உட்கார்ந்து, படங்களிலிருந்து நிழலைக் கழித்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தார். நம்மாளு முப்பத்தொரு பேராகச் சிதறிப்போனான். வெவ்வேறு நூற்றாண்டு, வெவ்வேறு ஊர். "மேடம் இருக்கறவரைக்கும் இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும் சார்," என்றார் தாடி. அவரும் சரி என்றார். நோட்டைத் தன் மெத்தைக்குக் கீழே ஒளித்துவைத்தார்.

ஒளிக்கத் தெரியாதவர் ஒளித்தால் இப்படித்தான். பத்து மணிக்குக் கொழுந்தியாள் படுக்கை விரிப்பு மாற்ற வந்தாள். தையற்கடையைப் பூட்டிவிட்டு அக்காவைப் பார்த்துக்கொள்ள வந்து இரண்டு வாரமாகிறது. ஒரு இடத்தில் சும்மா இருக்கமாட்டாள். அத்தான் கட்டிலுக்கும் சேர்த்து விரிப்பை உருவியவள், நோட்டோடு வந்து நின்றாள்.

"அத்தான், இது உங்க மெத்தைக்குக் கீழ கெடந்துச்சு. வேணுமா, தூக்கிப் போட்டுரவா?"

அவர் இப்படிக் கொடு என்று சொல்வதற்குள் கட்டிலில் கண் திறந்துவிட்டது.

"அது பின்னறை நோட்டுதானே?" என்றாள் மனைவி.

சாகக் கிடந்தாலும் அட்டை நிறம் ஞாபகம் இருந்தது. ஆயிரத்து நூற்று நாற்பது சுவடியின் அட்டை நிறத்தையும் சொல்லக்கூடியவளுக்கு இது ஒரு பெரிய காரியமா?

ஏன் ஒளிச்சு வச்சீங்க என்று அவள் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக அவர் வாசிப்பில் இருந்த குறை அவளுக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். பிறகு, "முன்னூத்தி ரெண்டு எப்ப எடுத்தீங்க?" என்றாள்.

முன்னூற்றிரண்டு நம்மாளின் முதல் சுவடி. இருபது வயதில் எழுதியது என்று அவள் சொல்வாள்.

அவர் நோட்டைப் பிரித்தார். பொய் சொல்லியிருக்கலாம். எண்ணும் தேதியும் அவளிடம் பொய்யாகச் சொல்ல இத்தனை வருடத்தில் அவருக்கு வாய் வந்ததில்லை. கூரை ஒழுகினதுக்கு அடுத்த வாரம் என்றார்.

"எழுநூத்தி முப்பது?"

அது கடைசி. விரல் நடுங்கிய சுவடி. அவர் சொன்னார், பெரிய அறைக்குத் திரும்பினதுக்கு முந்தின நாள். பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததை மட்டும் வாசிக்கவில்லை. 'ஓரம் சரியாத் தெரியலை. கண்ணைக் காட்டணும். வேலை முடியட்டும்' என்று இருந்தது. அவர் கண்ணில் புரை இருந்த காலம் அது. அவளிடம் சொன்னால் வேலை நின்றுபோகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தார். வேலை முடிந்த பிறகுதான் அறுவைச் சிகிச்சைக்குப் போனார். கண்ணில் கட்டோடு படுத்திருந்தவர் பக்கத்தில் அவள் ஒரு கட்டுக் காகிதத்தோடு உட்கார்ந்து, நம்மாளுக்குக் கடைசிக் காலத்தில் பார்வை போய்விட்டது என்று முதன்முதலாகச் சொன்னாள். கண்ணு தெரியாமலும் எழுதறதை விடலை பாருங்க என்றாள்.

"ஐநூத்தி அம்பத்தாறு?" என்றாள் இப்போது.

எழுத்து திடீரென்று பெரிதாகும் இடம் அது. அவர் பக்கத்தைத் தேடி எடுத்தார். தேதியோடு இன்னொன்றும் அங்கே இருந்தது. "ஸ்டாண்டு நாலு அங்குலம் இறக்கியாச்சு," என்று வாசித்தார். "முதுகு வலி." கேமரா கிட்டே வந்ததால்தான் எழுத்து பெரிதாகத் தெரிந்திருக்கிறது.

சரிபார்க்க அவளுக்கு மூன்று எண் போதும். எப்போதுமே மூன்று போதும்; நாலாவதைக் கேட்டு அவர் பார்த்ததில்லை. கொழுந்தியாளுக்கு ஒன்றும் புரியாமல், அழுக்கு விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நூத்தி எண்பத்தாறும் பின்னறைதானா?"

"ஆமா."

"தாடிக்குத் தெரியுமா?"

"நெழலை எடுத்துட்டு ஓட்டிப் பாத்துட்டாரு."

"எத்தனை கை?"

"முப்பத்தொண்ணு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் அழுதுவிட்டால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது. அழவில்லை. மூச்சைச் சேர்த்துக்கொண்டு கேட்டாள்.

"லைட்டு மாத்துனப்பவே ஏங்க எங்கிட்ட சொல்லலை?"

நோட்டின் பக்கம் அவர் கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது. பின்னறைக்கு மாறிய தேதிக்கு நேராக, அவர் கையெழுத்தில்: 'ஒரு விளக்குதான். நிழல் விழும். அவகிட்ட சொன்னேன். சரின்னா.'

அந்த நாள் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவள் மேசையில் குனிந்து உட்கார்ந்திருந்தாள், கொண்டையில் பென்சில். அவர் வாசலில் நின்றபடியே விளக்கு விஷயத்தைச் சொன்னார். அவள் திரும்பவில்லை. காதில் வாங்கினாளா இல்லையா என்றும் தெரியவில்லை. சரி சரி என்று இடது கையை ஆட்டினாள். போங்க என்பதற்கும் அவள் அப்படித்தான் ஆட்டுவாள். அவர் போய்விட்டார். விளக்கு என்ற கட்டம் அட்டவணையில் இருந்திருந்தால் ஒரு வாரத்தில் வெளிச்சத்துக்கு வந்திருக்கும். அந்தக் கட்டத்தை எடுத்ததும் அவள்தான்.

அதையெல்லாம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் இருக்கிற இன்னும் சில மணி நேரத்தை அதை வைத்துக்கொண்டு எப்படிக் கழிப்பாள் என்று அவர் யோசித்தார்.

"மறந்துட்டேன்," என்றார்.

அவள் கண் திறந்து அவரைப் பார்த்தாள். முப்பது வருடத்தில் அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை. கோபம் என்றால் அவருக்குப் பழக்கம்தான், அது சாயங்காலத்துக்குள் ஆறிவிடும். இது வேறு. யாரோ வீட்டுக்குள் வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போன பிறகு, வந்தவனே எதிரில் நின்றால் பார்க்கிற பார்வை.

"பதினோரு வருஷமா உங்க லைட்டையா பாத்துட்டு இருந்தேன்?" என்றாள்.

அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இரண்டு வாரமாக அவளைப் புரட்டிப் போட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அன்று அவளே திரும்பினாள்.

அட்டவணையில் என்ன பண்ணட்டும் என்று அவர் அவள் முதுகைப் பார்த்துக் கேட்டார். பதில் இல்லை. ஐந்து மணி என்று ஞாபகப்படுத்தினார். ஐந்து மணிக்காகப் பிடித்துவைத்திருந்ததை அவள் விட்டுவிட்டாள் என்று அவருக்கே தெரிந்தது. பாழாய்ப்போன அந்த நோட்டை அலமாரியில் பார்த்த அன்றைக்கே அடுப்பில் போட்டிருக்கலாம். ஒளித்துவைத்தாரே, எதற்கு? யாராவது ஒருநாள் படிக்கட்டும் என்றா? அப்படி ஒரு மூலையில் ஆசை இருந்ததோ என்று நினைத்தபோது அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மத்தியானம் இரண்டு தடவை தண்ணி கேட்டாள். இரண்டு தடவையும் தங்கச்சியைத்தான் கேட்டாள். கேமராக்காரர் பஞ்சை நனைத்து நனைத்துக் கொழுந்தியாள் கையில் கொடுத்தார். அக்காவுக்கு அத்தான்மேல் என்ன வருத்தம் என்று அவளுக்கு விளங்கவில்லை. விளங்காததால் அவரிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். மூன்று மணிக்கு மேல் வானம் மூடிக்கொண்டு வந்தது. அவர் டம்ளரைக் கழுவ அடுப்படிக்குப் போனார். குழாயைத் திருகியபோது உள்ளே இருந்து அத்தான் என்று ஒரு குரல் கேட்டது. சத்தமாகக்கூட இல்லை. அவர் குழாயை மூடிவிட்டு, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போனார். அவசரம் ஒன்றும் இல்லை என்று அந்தக் குரலிலேயே தெரிந்திருந்தது.

அவள் இன்னும் சுவரைப் பார்த்துத்தான் இருந்தாள்.

அவளை இந்தப் பக்கம் திருப்ப அவர் ஒருத்தரே போதுமானவராக இருந்தார். மன்னிச்சுக்கோ என்று சொல்ல வாய் வந்தது. எதற்கு மன்னிப்பு என்று தெரியாமல் நின்றுவிட்டது. இனி எதைச் சொன்னாலும் யாரிடம் சொல்வது? அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

நாலு மணிக்கு மேல் அக்கம்பக்கத்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கொழுந்தியாள் அக்காவுக்குத் தலைவாரி, நல்ல உடையாகப் பார்த்து உடுத்தி, முன்னறையில் கொண்டுவந்து கிடத்தியிருந்தாள். நூலக இயக்குநர் போன் பண்ணினார். அழுதார், நிஜமான அழுகைதான். பிறகு மெல்லக் கேட்டார், அட்டவணையைத் தள்ளிப்போடலாமா, இல்லை அவங்க ஆசைப்படியே இன்னிக்கே திறந்துவிடலாமா என்று. பதினாலாம் கையின் வரலாறு முதல் பக்கத்திலேயே வருகிறது, அவங்களுக்கு அதைவிடப் பெரிய மரியாதை இருக்கமுடியாது என்றார். கேமராக்காரர் அரைமணியில் சொல்கிறேன் என்று வைத்தார்.

தாடி கணினியோடு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். தாடியும் அழுதிருந்தார் என்பது மூக்கைப் பார்த்தால் தெரிந்தது. காலையில் நடந்ததைக் கேமராக்காரர் சொல்லி முடித்தார். முன்னறையில் யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது.

"விட்டுருவோம் சார்," என்றார் தாடி. "நம்மாளு இருந்துட்டுப் போகட்டும். யாருக்கும் தெரியப்போறதில்லை."

கேமராக்காரர் அந்தப் பழைய காப்பாளரை நினைத்துக்கொண்டார். ஆயிரத்து நூற்று நாற்பது சுவடியின் படமும் எல்லாரும் பார்க்கும்படி திறந்ததும் அந்தப் பெரியவர் முதல் வேலையாக எதைத் திறந்து பார்ப்பார் என்று யோசிக்கவே வேண்டாம். ஒரு வாரம் தாங்காது. அவளை வைத்துச் சிரிப்பார்கள். செத்தவளுக்கு எழுந்து பதில் சொல்ல முடியாது. அது ஒரு பக்கம். ஒரு தடவை ஏடு எண்ணிக்கையை ஒன்று கூட்டிப் போட்டுவிட்டோம் என்று தெரிந்து, சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு ஆட்டோ பிடித்து நூலகத்துக்கு ஓடினவள் அவள். தெரிஞ்ச தப்பை வச்சுக்கிட்டு எப்படித் தூங்கறது என்பாள். அவளை இந்தத் தப்போடு தூங்கவைக்க அவருக்கு மனசு வரவில்லை.

"எடுத்துருங்க," என்றார். "எழுதியவர் தெரியவில்லைன்னு போட்டுருங்க. முதல் பக்கத்துலேருந்தும் எடுத்துருங்க."

"அப்படின்னா மேடம் பண்ணதுல என்ன சார் மிஞ்சும்?"

அட்டவணை மிஞ்சும், எல்லா அட்டவணையையும்போல ஒரு அட்டவணை. அவள் கண்டுபிடித்த மனுஷன் மிஞ்சமாட்டான். தாடிக்கும் அது தெரியும்.

தாடி நூற்று எண்பத்தாறு வரிசையையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து மாற்றினார். கணினி உடனே ஒப்புக்கொள்ளவில்லை. காரணம் என்று ஒரு கட்டம் வந்து நின்றது. பதிந்ததை மாற்றினால் ஏன் மாற்றினோம் என்று எழுதியாக வேண்டும், அது படிக்கிற எல்லார் கண்ணிலும் பட வேண்டும். அவள் போட்ட விதி. காரணம் எழுதாமல் அவளாலேயே ஒரு எழுத்தை மாற்ற முடியாது.

பின்னறைக்கு மாறிய தேதி வேண்டும் என்று தாடி மேசைமேல் இருந்த நோட்டை எடுத்துப் புரட்டினார். ஒரு பக்கத்தில் கை நின்றது. குனிந்து மறுபடி படித்தார். நிமிர்ந்து கேமராக்காரரைப் பார்த்தார்.

"சார், நீங்க சொல்லியிருக்கீங்களே."

கேமராக்காரர் கையை நீட்டி நோட்டை வாங்கினார். மூடி, மடியில் வைத்துக்கொண்டார். சொல்லச் சொல்ல அடிங்க என்றார். இனி வார்த்தையை அவர் தேட வேண்டியதில்லை. மத்தியானத்திலிருந்தே தயாராக இருந்தது போல வந்தது.

"படம் எடுத்தவர் விளக்கை மாற்றியதை அட்டவணையாளருக்குத் தெரிவிக்கவில்லை."

தாடி அடிக்காமல் உட்கார்ந்திருந்தார். "இது காலாகாலத்துக்கும் இருக்கும் சார். உங்க பேரு கெட்டுரும்."

"என் பேரு எங்க தாடி இருக்கு அதுல?"

தாடி திரையைப் பார்த்தார். எல்லாக் கட்டங்களும் இருந்தன. படம் எடுத்தவருக்கு மட்டும் ஒன்று இல்லை. கடைசியில் அடித்தார், ஒவ்வொரு எழுத்தாக. பொத்தானை அமுக்கியதும் அந்த வரி மேலிருந்து கீழாக நூற்று எண்பத்தாறு இடத்தில் வந்து உட்கார்ந்தது. மணி ஐந்தாக ஏழு நிமிடம் இருந்தது. இயக்குநரிடம் தாடியே பேசுவதாகச் சொன்னார்.

முன்னறையிலிருந்து கொழுந்தியாள் எட்டிப் பார்த்து, ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், அத்தான் அங்கே வந்து உட்கார்ந்தால் நல்லது என்றாள். நோட்டு வெளியே வந்ததற்கு அப்புறம் அவரிடம் அவள் பேசிய முதல் நீளமான பேச்சு அது.

மழை இருட்டு. முன்னறையில் ஒன்றும் தெரியவில்லை என்று அவள் அக்காவின் மேசை விளக்கைக் கொண்டுவந்து தலைமாட்டில் இடப்பக்கம் வைத்திருந்தாள். வெளிச்சம் ஒரு பக்கமாக அடித்தது. மூக்கின் நிழல் வலது கன்னத்தில் தடித்து விழுந்து, வாய் கோணியதுபோல, முகமே வேறு யாருடையதோபோல இருந்தது. வந்தவர்கள் பார்த்துவிட்டு, ரொம்பக் கஷ்டப்பட்டுட்டாங்க போல என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

கேமராக்காரர் உட்காரவில்லை. வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் அறைக்குப் போய், தன் கட்டில் பக்கத்து விளக்கைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். வலப்பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் வைத்து, பிளக்கைச் சுவரில் செருகினார். கன்னத்தில் கிடந்த நிழல் இளகிற்று.

"ஒண்ணு போதாதா அத்தான்?" என்று கொழுந்தியாள் மெதுவாகக் கேட்டாள்.

அவர் குனிந்து, மனைவியின் நெற்றியிலிருந்து இடப்பக்க விளக்குவரை சாண் போட்டு அளந்தார். வலப்பக்கமும் அளந்தார். வலப்பக்கம் இரண்டு விரற்கடை கூடுதலாக இருந்தது. ஸ்டூலை நகர்த்தி வைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து அளந்தார்.